பெட்டிக்கார உமாபதி

கோலசிலாங்கூர் பக்கம் கார் வைத்திருந்தவர்களை உமாபதி இரண்டு வகையாகப் பிரித்திருந்தான். தன்னிடம் வந்தவர்கள் ஒரு வகை, அவர்கள் கொஞ்சம் முட்டாள்கள். வராதவர்கள் இன்னொரு வகை, அவர்கள் முழு முட்டாள்கள். மூன்றாவதாக ஒரு வகை இருக்கலாம் என்ற சந்தேகம் அவனுக்கு வந்ததே இல்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு தெளிவு ஆகாது.

பிறந்தது ஆற்றங்கரைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா செல்லையா முதலில் ரப்பர் பால்மரம் சீவினார், மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு குலை வெட்டினார். மகன் நாலாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தான். அதைக் கேள்விப்பட்ட, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, “உன் மகன் மூளைக்காரன்யா” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை வீடு போய்ச் சேருவதற்குள் மறந்திருப்பார். உமாபதி மறக்கவில்லை. அன்று ஏறியது தலையில் ஏறியதுதான், பிறகு இறங்கவே இல்லை.

படித்து முடித்துச் சுங்கைவேயில் சிப் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் ஆறு வருடம் டெக்னீஷியனாக இருந்தான். வெள்ளை அங்கி, தலைக்கு உறை, காலுக்கு உறை. லீவில் ஊருக்கு வந்தால் லயத்துக் கோப்பிக் கடையில் டம்ளரைத் துடைத்துவிட்டுக் குடிப்பான். எண்பத்தைந்தில் ஊர் உலகமெல்லாம் ஆளைக் குறைத்தபோது அவனையும் குறைத்தார்கள். திரும்பி வந்தவன் அப்படிச் சொல்லவில்லை. “மூளைக்கு வேல இல்லாத எடத்துல நமக்கு என்னா வேல?” என்று சொல்லிக்கொண்டு வந்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கும் அதே மாதம் வேலை போயிருந்தது, ஆனால் மூளையைக் காரணம் காட்டத் தெரியவில்லை.

வரும்போது கையில் இரண்டு சாமான்கள் கொண்டு வந்தான். ஒன்று, சிப்பில் எண்களை எழுதும் கருவி. மற்றொன்று, எழுதியதை அழிக்கும் ஊதா விளக்கு. இந்த இரண்டையும் வைத்துத்தான் அவன் பிழைப்பை ஆரம்பித்தான்.

அந்த வருடங்களில்தான் கார்புரேட்டர் இல்லாத கார்கள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஜப்பானில் ஓட்டிக் கழித்த காரும் எஞ்சினும் கப்பலில் வந்து இறங்கின. அந்தக் கார்களில் முன்சீட்டில் உட்காருகிறவரின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் எஞ்சினின் கம்ப்யூட்டர். எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்துக்கு, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது நெருப்புப் பொறி விடுவது என்பதெல்லாம் அதற்குள் ஒரு சிப்பில் எண்களாக எழுதியிருக்கும். குளிர் நாட்டுக்காக எழுதிய எண்கள். நம் ஊர் வெயிலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு சந்தியில் நின்று கிளம்பினால் கார் இருமும், முக்கும், சில சமயம் நடுரோட்டில் அணைந்தே போகும். மெக்கானிக்குகள் பிளக்கை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள். ஜெராமில் ஒருவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். நசுக்கியவர்களும் இருந்தார்கள்.

உமாபதி பெட்டியைத் திறந்தான், சிப்பைக் கழற்றினான், எண்களை மாற்றி எழுதிப் பூட்டினான். கார் இருமலை நிறுத்தியது. வேலை தெரிந்தவன்தான், அதை மறுப்பதற்கில்லை. தெரிந்தவனாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது. ஊர் அவனுக்குப் பெட்டிக்காரன் என்று பேர் வைத்தது. அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை.

எண்பத்தாறில் லீலாவதியைக் கட்டினான். அவள் கலும்பாங்குக்குப் பக்கத்தில் ஒரு மலைத்தோட்டத்துப் பெண். அவளுடைய அப்பா அப்பளசாமி தோட்டத்து மானேஜரின் லேண்ட்ரோவரை இருபது வருடம் ஓட்டியவர். ஆண் பிள்ளை இல்லாததால் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லைசென்ஸும் எடுத்துக்கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த லைசென்ஸ் அலமாரியில் சேலைக்கடியில் கிடந்தது. உமாபதியின் வீட்டில் ஓட்டுவதற்கு ஆள் இருந்தான்.

ஆனால் அவனால் ஓட்டிக்கொண்டே மீட்டர் முள்ளைப் பார்த்து எழுத முடியாது. அதனால் லீலாவதியைப் பக்கத்தில் உட்கார வைத்தான். மடியில் நோட்டு, கையில் ஸ்டாப்வாட்ச். தஞ்சோங் காராங் வயல்களுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி ஒரு ரோடு போகிறது. இந்த மதகிலிருந்து அந்த மதகு வரைக்கும் எத்தனை நொடி, முள் எங்கே நின்றது என்று அவள் எழுதுவாள். அத்தோடு, சொல்லாமலேயே, இன்னொரு காரியமும் செய்தாள். கார் எங்கேயாவது லேசாக முக்கினால், கியர் மாற்றும்போது ஒரு வெட்டு வெட்டினால், அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். உமாபதியின் கைக்குத் தெரியாதது அவளுடைய முதுகுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவன் அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் எண்களை மாற்றுவான். குறி இல்லாத பக்கம் வரும்வரை மாற்றுவான். கார்க்காரர் வந்து, “வெண்ணெ மாரி போவுது தம்பி” என்றால், “என் கணக்கு அப்பிடி” என்பான். லீலாவதி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

ஒரு நாள் அவள் கேட்டாள். “என்னங்க, எப்பவும் இந்த வாய்க்கா ரோட்டுலயே ஓட்டுறோம். எங்க ஊரு பக்கம் மேடு இருக்கு. அங்க ஒரு தடவ ஆள ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாக்கலாமில்ல?”

“பெட்ரோலுக்கு மேடு பள்ளம் தெரியுமா? எல்லாம் நம்பரு. நான் போட்டுக் குடுக்குற நம்பருக்குத்தான் எஞ்சின் ஓடும். ஒங்கப்பா லேண்ட்ரோவர் இல்ல இது.”

“அதுக்கில்ல…”

“நீ எழுது. அது போதும்.”

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் கரையோரத்தில் மேடு என்று சொல்ல விளக்குக் கம்பத்தடி மண்ணைத்தான் காட்ட வேண்டும். மலாவத்திக் குன்று ஒன்று இருக்கிறது, அதில் குரங்குக்குக் கடலை போடத்தான் ஜனங்கள் ஏறுவார்கள். இந்தத் தட்டை நிலத்தில் பிறந்து, இந்தத் தட்டை நிலத்திலேயே காரைச் சோதித்துவிட்டு, உலகமே தட்டை என்று ஒருவன் முடிவு கட்டினால் அவனை என்ன செய்வது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உமாபதியிடம் ஏடு மட்டும்தான் இருந்தது.

எண்பத்தெட்டில் அவனைத் தேடிச் சிவானந்தம் வந்தார். ரவாங்கில் ஸ்பேர்பார்ட்ஸ் கடையும் அதன் பின்னால் பெரிய வொர்க்‌ஷாப்பும் வைத்திருந்தவர். தோட்டத்திலிருந்து சைக்கிளில் போய் முன்னுக்கு வந்தவர், அதை ஒரு நாளைக்கு மூன்று பேரிடமாவது சொல்லாமல் சாப்பிட மாட்டார். அவரிடம் ஜப்பானிலிருந்து இறக்கிய கார் ஒன்று இருந்தது, சந்திக்குச் சந்தி அணைந்தது.

“தம்பி, இத நீ சரி பண்ணிட்டா என் வொர்க்‌ஷாப்புல பாதி எடம் ஒனக்கு. ‘கம்ப்யூட்டர் டியூனிங், உமாபதி’ன்னு போர்டு வைக்குறேன். ரவாங்குல எவன்கிட்டயும் இல்லாத வேல லா இது.”

அன்றிலிருந்து உமாபதிக்குத் தூக்கம் போனது. லயத்துக் கொட்டகையில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவனுக்கு ரோட்டைப் பார்த்த போர்டு, அதில் பேர். அவனுக்கு வேண்டியது உலகத்தில் அது ஒன்றுதான். அந்த போர்டு அவன் கண்ணுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

காரை மூன்று வாரம் வைத்திருந்தான். லீலாவதியின் குறிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சந்தியில் நின்று கிளம்பினால் கார் பூனை மாதிரி போயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிவானந்தம் போனில், “கொஞ்சம் பவரும் ஏத்திவிடு தம்பி, நாலு பேரு பாக்கணும்” என்று சொல்லிவிட்டார். உமாபதி பொறியின் நேரத்தை முன்னே தள்ளினான். பொறி சற்று முந்தினால் வண்டிக்கு வேகம் கூடும். அளவுக்கு மீறி முந்தினால், வண்டி பாரம் இழுக்கும்போது எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும். சன்னமாக, கிணுகிணு என்று ஓர் உலோகச் சத்தம் வரும். கேட்டதும் பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுக்காவிட்டால் எஞ்சின் பொசுங்கும். இதெல்லாம் உமாபதி புத்தகத்தில் படித்திருந்தான். சத்தத்தை மட்டும் காதால் கேட்டதில்லை. வாய்க்கால் ரோட்டில் இரண்டு பேரோடு போகிற காருக்குப் பாரம் ஏது?

சிவானந்தத்தின் மகனுக்குக் கலும்பாங்கில் பெண் பார்த்திருந்தார்கள். பரிசம் போடப் போகிற அன்று அந்தக் காரிலேயே போவது, உமாபதியே ஓட்டுவது என்று ஏற்பாடு. போர்டு எழுதி முடித்துக் கடைச் சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. போய் வந்ததும் மாட்டுவதாகச் சிவானந்தம் சொன்னார். அவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அவர் மனைவி அமராவதி, அமராவதியின் தங்கை, ஊர் வழி தெரிந்தவள் என்று லீலாவதி. மூன்று பட்டுச் சேலைகள் ஒரு சீட்டில் உட்கார்ந்தால் மடிப்பு கலையும் என்று அமராவதி முதலிலிருந்தே முனகினார். டிக்கியில் பரிசத் தட்டுகள், பித்தளைத் தாம்பாளங்கள், தேங்காய், வாழைத்தார், குத்துவிளக்கு ஒரு ஜோடி. காரின் பின்பக்கம் தரையைத் தொடாத குறை. பன்னிரண்டுக்குள் தட்டு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு நேரம் சரியில்லை என்று பூசாரி சொல்லியிருந்தார்.

பத்தாங்காலி வரைக்கும் கார் பறந்தது. உமாபதி வேண்டுமென்றே ஏர்கோனை முழுக்க வைத்தான், வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை முந்தினான். “பாத்தீங்களாண்ணே?” என்று வேறு கேட்டான். கெர்லிங் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியது. அப்போது கேட்டது அந்தச் சத்தம். கிணுகிணு, கிணுகிணு.

லீலாவதி முன்னால் குனிந்தாள். “என்னங்க, சத்தம் கேக்குதா?”

“டிக்கியில தாம்பாளம் ஆடுது.”

“அது இல்லீங்க. எஞ்சின்ல. எங்கப்பா மேட்டுல இந்தச் சத்தம் வந்தா ஒடனே கால எடுத்துருவாரு.”

சிவானந்தம் திரும்பிப் பார்த்தார். உமாபதிக்குக் காது சிவந்தது. முதலாளிக்கு முன்னால், போர்டு மாட்டப் போகிற நேரத்தில், பெண்டாட்டி எஞ்சினைப் பற்றிப் பேசுகிறாள்! ஓரம் கட்டி இறங்கி, டிக்கியைத் திறந்து, ஐந்து தாம்பாளங்களையும் எடுத்து மூன்று பெண்களின் மடியிலும் அடுக்கினான். குத்துவிளக்கை அமராவதியின் தங்கை குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். “இப்ப கேக்குதான்னு பாரு” என்று சொல்லிக் கிளப்பினான்.

மேடு வந்ததும் சத்தமும் வந்தது. முன்னைவிடப் பலமாக.

“இப்பவும் கேக்குது” என்றாள் லீலாவதி.

“கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு கைய ஆட்டுனா கேக்காம என்னா செய்யும்? மூனு பேரும் கைய ஆட்டாம வாங்க.”

மூன்று பெண்கள், மடியில் தாம்பாளத்தோடு, கையை அசைக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லாம் ஒரு பெட்டிக்காரன் சொன்னதற்காக. உமாபதி சத்தத்தைத் தோற்கடிக்க மிதியை இன்னும் அழுத்தினான். நோய்க்கு எது மருந்தோ அதற்கு நேர் எதிரானதைத் தேடிச் செய்வதற்கும் ஒரு மூளை வேண்டும். மூன்றாவது மேட்டின் பாதியில் சத்தம் தானாகவே நின்றது. எஞ்சினும் நின்றது. பின்னால் நீலப் புகை ரோட்டை மறைத்தது.

அரைமணி நேரம் கழித்து ஒரு செம்பனைக் குலை லோரி வந்தது. அமராவதியும் தங்கையும் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்து ஏறினார்கள். சிவானந்தம் ஜிப்பாவோடு பின்னால் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் வாழைத்தாரையும் பிடித்துக்கொண்டார். லீலாவதி தாம்பாளங்களைத் தன் முந்தானையால் கட்டிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் குலை லோரியில் வந்து இறங்கியதைப் பற்றிக் கலும்பாங்கில் வெகுநாள் பேசிச் சிரித்தார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. உமாபதி காருக்குக் காவலாக ரோட்டோரத்தில் இருந்தான்.

மறுநாள் ரவாங் வொர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்தார்கள். கடை மெக்கானிக் ஆ செங் ஒரு பிஸ்டனைத் தூக்கிக் காட்டினான். நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. “இனி சூடா ஹாங்குஸ் லா, பாஸ்” என்றான் மலாயில். பொசுங்கிப் போச்சு என்று அர்த்தம், சொல்லாமலே தெரிந்தது. சிவானந்தமும் அமராவதியும் நின்றுகொண்டிருந்தார்கள். சேலையில் பட்ட கிரீஸ் கறையைக் காட்டவே அமராவதி வந்திருந்தார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னதால் லீலாவதியும் வந்திருந்தாள்.

“என்னா தம்பி இது?” சிவானந்தம் சத்தம் போடவில்லை. “என்னா தப்பு? தெரிஞ்சா சொல்லு. தெரியலேன்னா அதையும் சொல்லு.”

உமாபதிக்கு என்ன தப்பு என்று நன்றாகத் தெரியும். இரவு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நான் மேட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை, அவள் சொன்னாள், கேட்கவில்லை. மூன்றே வாக்கியம். வாயைத் திறந்தான். ஆ செங்குக்குப் பின்னால், சுவரில் சாய்த்தபடி, போர்டு நின்றது. நீல எழுத்தில் அவன் பேர்.

“நம்பரு மாறிப் போச்சுண்ணே” என்றான். “ரோட்டுல நான் ஓட்டுவேன், எழுதுறது இவதான். இவ எழுதுனத வச்சுத்தான் நான் கணக்குப் போடுறேன். இவ தப்பா எழுதியிருக்கா.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள், கூடம் அவளுக்குச் சோறு பொங்கிப் போட்டதில்லை.

எல்லாரும் லீலாவதியைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். நோட்டு அவள் கையில்தான் இருந்தது. பிரித்துக் காட்டியிருந்தால், எல்லாப் பக்கமும் வாய்க்கால் ரோடுதான், மேடே இல்லை என்று குட்டு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அவள் பிரிக்கவில்லை. உமாபதியின் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் பார்த்துவிட்டு, “ஆமாங்கண்ணே” என்றாள். “நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

சிவானந்தத்துக்கு நிம்மதியாகிவிட்டது. நாலு பேரிடம் பெருமையடித்த பிறகு, தன் ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரு பொம்பளை கெடுத்தாள் என்று நம்புவது சுலபம். “வேலைக்குள்ள பொம்பளய விட்டா இப்பிடித்தான் தம்பி. இனிமே ஆம்பளயா ஒரு ஆள வச்சுக்க” என்றார். அமராவதி ஒருபடி மேலே போய், “நான் அன்னிக்கே நெனச்சேன், வர வழியெல்லாம் இது தொணதொணன்னு பேசிக்கிட்டே வந்துச்சு” என்றார். எஞ்சினை மாற்றினார்கள். உமாபதி பொறியைப் பின்னுக்கு இழுத்து எழுதினான். அடுத்த வாரம் போர்டு ஏறியது. அவன் கேட்டது கிடைத்தது.

மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவன் கற்றுக்கொண்டான். இப்போதெல்லாம் ஒவ்வொரு காரையும் கெர்லிங்குக்குக் கொண்டுபோவான். கேட்கிறவர்களிடம் அது தன்னுடைய முறை என்பான். பக்கத்தில் கடையாள் அழகேசன் நோட்டோடு உட்காருவான். அழகேசனுக்கு நொடி எண்ணத் தெரியும், முள்ளைப் படிக்கத் தெரியும். கார் எங்கே முக்குகிறது என்று கேட்டால், “ஓகேதாண்ணே” என்பான். நோட்டு முழுக்க ஓகே. போர்டைப் பார்த்து வந்த கார்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தன. சத்தம் இல்லை, பொசுங்கவில்லை, ஆனால் ஓட்டினால் ஏதோ உறுத்துகிறது என்றார்கள். கோலகுபு ஊர் டாக்டர் ஒருவரின் கார் மூன்றாவது தடவையாக வந்தது. “அடுத்த தடவ கோலாலம்பூருக்கே கொண்டுபோயிருறேன்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிவானந்தம் போர்டை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லீலாவதி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். உமாபதி எதிரே வந்து உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்தான்.

“நாளைக்கு என்னோட ரவாங்குக்கு வாயேன். டாக்டரு காரு ஒன்னு. நீயே ஓட்டிப் பாரு. எங்க முக்குதுன்னு சொன்னா போதும்.”

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் அவளை ஓட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நானா?” என்றாள் அவள், நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் தப்பா எழுதுறவளாச்சே. ஒரு எஞ்சினையே பொசுக்குனவ. ரவாங்குல கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.”

“அது… அப்ப ஒரு பேச்சுக்குச் சொன்னது. நமக்குள்ள தெரியாதா?”

“நமக்குள்ள தெரியும். அவங்களுக்குத் தெரியாதில்ல.” அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். “நாளைக்குப் போயி சிவானந்தம் அண்ணங்கிட்டயும் அந்த அக்காகிட்டயும் அத மட்டும் சொல்லிட்டு வாங்க. ஆ செங்கும் இருக்கணும். சொல்லிட்டு ஒரு போன் போடுங்க. அடுத்த பஸ்ஸுலயே வந்துர்றேன்.”

உமாபதி எழுந்து வாசலுக்குப் போனான். மூன்று வாக்கியம்தான். முன்பு சொல்ல முடியாமல் போன அதே மூன்று.

திங்கட்கிழமை டாக்டரின் காரில் அழகேசன்தான் உட்கார்ந்து போனான்.